ஏடிஎஃப்4351 சிப்பின் ரெஜிஸ்டர்களை எழுதுவது எப்படி: முதல்முறை இறங்குபவர்களுக்கு

35 மெகாஹெர்ட்ஸிலிருந்து 4400 மெகாஹெர்ட்ஸ் வரை நமக்கு வேண்டிய அலைவெண்ணைத் தரக்கூடிய சிப் ஏடிஎஃப்4351. மூன்றே கம்பிகள், ஆறே ரெஜிஸ்டர்கள் (சிப்புக்கான கட்டளைகளை எழுதிவைக்கும் நினைவிடங்கள்). பார்க்கச் சுலபமாகத்தான் இருக்கும். நான் மூன்று வார இறுதிகளை இதில் செலவழித்த பிறகுதான் முதல் சிக்னல் வந்தது. காரணம் இதுதான்: இந்தச் சிப்பில் எழுத மட்டுமே முடியும், எழுதியதைத் திரும்பப் படிக்க முடியாது. தப்பாக எழுதினாலும் பிழைச் செய்தி எதுவும் வராது, வெளியீடு மட்டும் வராமலே இருக்கும். ஆகவே ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியாக நிரூபித்துவிட்டு அடுத்ததற்குப் போகும் வரிசையில் இதை எழுதியிருக்கிறேன். வரிசையை மாற்றாதீர்கள்.

1. கையில் இருக்க வேண்டியவை

முதலில் தரவுத்தாள். சிப்பைத் தயாரிக்கும் அனலாக் டிவைசஸ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். ஏடிஎஃப்4350க்கும் ஒரு தரவுத்தாள் இருக்கிறது, அதை எடுத்துவிடாதீர்கள். இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருந்தாலும் வெளியீட்டு டிவைடரின் அளவும், ரெஜிஸ்டர் 3-இல் சில பிட்டுகளும் வேறு. ரெஜிஸ்டர் வரைபடங்கள் உள்ள பக்கங்களை மட்டும் அச்செடுத்து மேஜையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, உங்கள் போர்டின் சுற்றுப்படம். அதில் மூன்று விஷயங்களைத் தேடுங்கள்: ரெஃபரன்ஸ் ஆசிலேட்டரின் (சிப் ஒப்பிட்டுப் பார்க்கும் அடிப்படை அலையைத் தருவது) அலைவெண், லூப் ஃபில்டரின் (சிப்பின் உள் ஆசிலேட்டரைக் கட்டுப்படுத்தும் வோல்டேஜைச் சீராக்குவது) உறுப்புகள், சிஇ மற்றும் பிடிபிஆர்எஃப் பின்கள் எங்கே இணைக்கப்பட்டிருக்கின்றன என்பது. இந்த இரண்டு பின்களும் ஹையாக இருக்க வேண்டும். சிஇ லோவாக இருந்தால் சிப் முழுதும் தூங்கிவிடும். பிடிபிஆர்எஃப் லோவாக இருந்தால் உள்ளே எல்லாம் சரியாக ஓடும், ஆனால் வெளியீடு மட்டும் வராது. இரண்டாவது வகை ஆளைக் குழப்பிவிடும், ஏனென்றால் லாக் விளக்குகூட (அலைவெண் கேட்ட இடத்தில் நிலைத்துவிட்டது என்று காட்டுவது) எரிந்துகொண்டிருக்கும்.

கருவிகளைப் பொறுத்தவரை, ஸ்பெக்ட்ரம் அனலைசர் இல்லையே என்று தள்ளிப்போடாதீர்கள். முதல் நான்கு கட்டங்களுக்கு ஒரு மல்டிமீட்டரும், அடிப்படை லாஜிக் அனலைசரும், ஒரு சாதாரண ஆசிலோஸ்கோப்பும் போதும். கடைசியில் சிக்னலைப் பார்க்க, யூஎஸ்பியில் செருகும் எஸ்டிஆர் ரிசீவர் (கணினி மென்பொருளோடு இயங்கும் வானொலி) ஒன்று போதும். அவற்றில் பரவலாகக் கிடைப்பவை சுமார் 1.7 கிகாஹெர்ட்ஸ் வரை கேட்கும், அதனால் முதல் சோதனைக்கு அதற்குக் கீழே உள்ள அலைவெண்ணைத் தேர்ந்தெடுங்கள். பணம் செலவழிப்பதாக இருந்தால் முதலில் லாஜிக் அனலைசருக்குச் செலவழியுங்கள். என் நேரத்தை மிச்சப்படுத்தியது அதுதான்.

2. வோல்டேஜ்: இங்கே தவறினால் சிப் போய்விடும்

சிப் 3.0 முதல் 3.6 வோல்ட் வரை இயங்குவது. அதன் டிஜிட்டல் பின்கள் சப்ளையைவிட 0.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. 5 வோல்ட் மைக்ரோகன்ட்ரோலரை நேராக இணைத்தால் சில நாள் ஓடக்கூடச் செய்யலாம், ஆனால் அதை நம்ப முடியாது. 3.3 வோல்ட் மைக்ரோகன்ட்ரோலரை எடுங்கள், இல்லையென்றால் க்ளாக், டேட்டா, எல்இ (அனுப்பியதை எடுத்துக்கொள் என்று சிப்புக்குச் சொல்லும் கம்பி) மூன்றுக்கும் லெவல் ஷிஃப்டர் (வோல்டேஜ் அளவை மாற்றித் தரும் சுற்று) போடுங்கள். 1.5 வோல்ட்டுக்கு மேல் வந்தாலே சிப் அதை ஹை என்று எடுத்துக்கொள்ளும், எனவே ரெசிஸ்டர் டிவைடரும் வேலை செய்யும்.

முதலில் சிப்புக்கு மின்சாரம், அப்புறம்தான் சிக்னல் கம்பிகள். சிப் அணைந்திருக்கும்போது மைக்ரோகன்ட்ரோலர் அந்தப் பின்களை ஹையாக வைத்திருக்கக் கூடாது. 5 மில்லிமீட்டருக்கு 5 மில்லிமீட்டர், அடியில் உலோகத் தட்டு, 32 இணைப்புகள்: இந்தச் சிப்பைக் கழற்றி மாற்ற ஹாட் ஏர் வேண்டும், கைப்பழக்கமும் வேண்டும். அந்த வேலையைத் தவிர்க்கத்தான் இவ்வளவு சொல்கிறேன்.

3. 32 பிட்டுகளை அனுப்பும் முறை

ஒவ்வொரு ரெஜிஸ்டரும் 32 பிட். பெரிய பிட் முதலில் போக வேண்டும். க்ளாக் மேலேறும் விளிம்பில் டேட்டா உள்ளே போகும், அதாவது எஸ்பிஐ (மைக்ரோகன்ட்ரோலர்களின் வழக்கமான தொடர் இணைப்பு) மோட் 0. கடைசி மூன்று பிட்டுகள்தான் முகவரி: அவற்றின் மதிப்பு 0 என்றால் ரெஜிஸ்டர் 0, 5 என்றால் ரெஜிஸ்டர் 5. இனி இவற்றை ஆர்0, ஆர்5 என்றே எழுதுகிறேன். 32 பிட்டும் போன பிறகு எல்இ லோவிலிருந்து ஹைக்கு ஏறும் கணத்தில்தான் அவை ரெஜிஸ்டருக்குள் இறங்கும்.

இங்கேதான் முதல் பொறி. பல மைக்ரோகன்ட்ரோலர்களில் எஸ்பிஐ ஒரு நேரத்தில் 8 பிட்தான் அனுப்பும். சிப் செலக்ட் பின்னை வன்பொருளே கவனித்துக்கொள்ளும்படி விட்டால், ஒவ்வொரு பைட்டுக்கும் நடுவே எல்இ ஏறி இறங்கும். 32 பிட்டில் கால்வாசிதான் போயிருக்கும், அதற்குள் சிப் அதை எடுத்துக்கொண்டுவிடும். எல்இ பின்னை நீங்களே சாதாரண வெளியீடாக வைத்து, லோ ஆக்கி, நான்கு பைட்டுகளையும் அனுப்பி, பிறகு ஹை ஆக்குங்கள்.

வேகம்: க்ளாக் ஹையாக 25 நானோவினாடியும் லோவாக 25 நானோவினாடியும் குறைந்தபட்சம் இருக்க வேண்டும், அப்படியென்றால் 20 மெகாஹெர்ட்ஸ் வரை தாங்கும். எல்இ துடிப்பு குறைந்தது 20 நானோவினாடி. நீளமான ஜம்பர் கம்பிகளில் வேகமான க்ளாக் அலைமோதி ஒரு விளிம்பை இரண்டாகக் காட்டிவிடும், ஆகவே 1 மெகாஹெர்ட்ஸில் தொடங்குங்கள். ஆறு ரெஜிஸ்டர்களின் 192 பிட்டுகளும் 192 மைக்ரோவினாடியில் போய்விடும். அவசரப்பட ஒன்றுமில்லை.

4. கம்பி வேலை செய்கிறதா என்று முதலில் நிரூபியுங்கள்

அலைவெண் கணக்குக்குள் போகாதீர்கள். இந்த ஒரு கட்டத்தை யாராவது எனக்கு முன்பே சொல்லியிருந்தால் இரண்டு வார இறுதிகள் மிச்சமாகியிருக்கும்.

சிப்பில் மக்ஸ்அவுட் என்று ஒரு பின் உண்டு. அதில் என்ன வர வேண்டும் என்பதை ஆர்2-இன் 28, 27, 26-ஆம் பிட்டுகள் தீர்மானிக்கும். மதிப்பு 1 என்றால் அந்தப் பின் சப்ளை வோல்டேஜுக்குப் போகும், 2 என்றால் தரைக்கு வரும். ஆகவே மல்டிமீட்டரை அந்தப் பின்னில் வைத்து, 67128898 என்ற எண்ணை 32 பிட்டாக அனுப்புங்கள். 3.3 வோல்ட் காட்ட வேண்டும். பிறகு 134237762 அனுப்புங்கள். 0 காட்ட வேண்டும். இரண்டும் மாறி மாறி வந்தால் கம்பி, மோட், பிட் வரிசை, எல்இ நான்கும் சரி என்று பொருள். வரவில்லையென்றால் பிழை உங்கள் கணக்கில் இல்லை, கம்பியில் அல்லது அனுப்பும் நிரலில் இருக்கிறது. லாஜிக் அனலைசரை எடுங்கள், 32 க்ளாக் விளிம்புகளை எண்ணுங்கள்.

அடுத்து ரெஃபரன்ஸ். மக்ஸ்அவுட் மதிப்பு 3 என்றால் ஆர் கவுன்டரின் (ரெஃபரன்ஸை வகுக்கும் பகுதி, ஆர்0, ஆர்2 என்ற ரெஜிஸ்டர்களோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்) வெளியீடு அந்தப் பின்னில் வரும். ஆர் கவுன்டரை 1000 ஆக்கி 217714242 என்று ஆர்2-க்கு எழுதி, உடனே ஆர்0-க்கும் ஒருமுறை (6-ஆம் கட்டத்தில் வரும் 4526256 என்ற எண்ணை) எழுதுங்கள். ரெஃபரன்ஸ் 25 மெகாஹெர்ட்ஸ் என்றால் ஆசிலோஸ்கோப்பில் 25 கிலோஹெர்ட்ஸில் துடிப்புகள் தெரியும். 10 கிலோஹெர்ட்ஸ் தெரிந்தால் உங்கள் போர்டில் இருப்பது 10 மெகாஹெர்ட்ஸ் ஆசிலேட்டர். போர்டின் மேல் அச்சிட்டிருப்பதை நம்பாமல் இதை நம்புங்கள். ஒன்றுமே தெரியவில்லையென்றால் ரெஃபரன்ஸே சிப்பை எட்டவில்லை.

ஆர்0-க்கும் எழுதச் சொன்னது ஏன் என்பது 7-ஆம் கட்டத்தில் வருகிறது.

5. அலைவெண் கணக்கு

433.92 மெகாஹெர்ட்ஸை எடுத்துக்கொள்வோம். ரெஃபரன்ஸ் 25 மெகாஹெர்ட்ஸ்.

சிப்பின் உள்ளே இருக்கும் விசிஓ (வோல்டேஜுக்கு ஏற்ப அலைவெண் மாறும் ஆசிலேட்டர்) 2200 முதல் 4400 மெகாஹெர்ட்ஸ் வரைதான் ஓடும். அதற்குக் கீழே வேண்டுமென்றால் 2, 4, 8, 16, 32, 64 ஆகியவற்றில் ஒன்றால் வகுத்துத் தருகிறது. 433.92-ஐ 4-ஆல் பெருக்கினால் 1735.68, போதவில்லை. 16-ஆல் பெருக்கினால் 6942.72, எல்லை தாண்டிவிட்டது. 8-ஆல் பெருக்கினால் 3471.36. ஆக டிவைடர் 8. ஒவ்வொரு அலைவெண்ணுக்கும் இப்படிப் பொருந்தும் டிவைடர் ஒன்றுதான் இருக்கும், விசிஓ எல்லையின் நுனியில் விழும்போது தவிர.

பிறகு பிஎஃப்டி (விசிஓவை ரெஃபரன்ஸோடு ஒப்பிடும் பகுதி) அலைவெண். ரெஃபரன்ஸை ஆர் கவுன்டரால் வகுத்தால் வருவது. இரட்டிப்பாக்கியையும் பாதியாக்கியையும் இப்போதைக்குத் தொடாதீர்கள். ஆர் மதிப்பு 1, எனவே பிஎஃப்டி 25 மெகாஹெர்ட்ஸ். பின்ன முறையில் 32 மெகாஹெர்ட்ஸ்தான் உச்சம், அதற்குள் இருக்கிறோம்.

விசிஓ பிஎஃப்டியின் எத்தனை மடங்கு என்று பார்ப்போம்: 3471.36-ஐ 25-ஆல் வகுத்தால் 138.8544. முழு எண் பகுதி 138, அதுதான் இன்ட். மிச்சம் 0.8544-ஐப் பின்னமாக்க வேண்டும். 8544-இன் கீழ் 10000, இரண்டையும் 16-ஆல் சுருக்கினால் 534-இன் கீழ் 625. மேலே உள்ள 534 ஃப்ராக், கீழே உள்ள 625 மாட். மாட் 2 முதல் 4095 வரை இருக்கலாம், ஃப்ராக் அதைவிடச் சிறியதாக இருக்க வேண்டும்.

மாட் 4095-ஐத் தாண்டிவிட்டால் சுருக்க வழி பாருங்கள், இல்லையேல் பிஎஃப்டியை மாற்றிப் பாருங்கள். மாட்டை எப்போதும் 4095 என்று வைத்துத் தோராயமாகப் போடும் நிரல்களை நான் பார்த்திருக்கிறேன். சில ஆயிரம் ஹெர்ட்ஸ் வரை தள்ளி விழலாம், ஏன் என்று தேடிக்கொண்டே இருப்பீர்கள்.

ப்ரீஸ்கேலர் (விசிஓ அலையை எண்ணுவதற்கு முன் வகுத்து வேகம் குறைப்பது) ஒன்றும் இருக்கிறது. 4/5 வைத்தால் விசிஓ 3600 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் போகக் கூடாது, இன்ட் குறைந்தது 23. 8/9 வைத்தால் முழு எல்லைக்கும் போகலாம், ஆனால் இன்ட் குறைந்தது 75. நம் 138-க்கு 8/9 சரி.

6. ஆறு ரெஜிஸ்டர்களையும் நிரப்புவது

ஒரு புலம் எந்த பிட்டில் தொடங்குகிறதோ, இரண்டின் அந்தப் படியால் அதன் மதிப்பைப் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டினால் ரெஜிஸ்டரின் எண் வந்துவிடும். நான் பதின்ம எண்ணாகவே தருகிறேன்.

ஆர்0: இன்ட் 15-ஆம் பிட்டில் தொடங்குகிறது, ஃப்ராக் 3-ஆம் பிட்டில். 138 × 32768, அதோடு 534 × 8. மொத்தம் 4526256.

ஆர்1: ப்ரீஸ்கேலர் 27-ஆம் பிட், ஃபேஸ் 15-ஆம் பிட்டில் தொடக்கம், மாட் 3-ஆம் பிட்டில். ஃபேஸ் மதிப்பை 1 என்றே வையுங்கள். மொத்தம் 134255497.

ஆர்2-இல்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள், அதனால் நிதானமாகப் பாருங்கள். மக்ஸ்அவுட் 6, அதாவது டிஜிட்டல் லாக் டிடெக்ட். ஆர் கவுன்டர் 14-ஆம் பிட்டில் தொடங்குகிறது, மதிப்பு 1. சார்ஜ் பம்ப் (லூப் ஃபில்டருக்குள் மின்னோட்டம் செலுத்தும் பகுதி) கரன்ட் 9-ஆம் பிட்டில், மதிப்பு 7. 5.1 கிலோஓம் ரெசிஸ்டர் இருக்கும் போர்டில் இது 2.5 மில்லிஆம்பியர். பிஎஃப்டி துருவம் 6-ஆம் பிட், சாதாரண பாசிவ் லூப் ஃபில்டருக்கு 1 ஆக இருந்தே தீர வேண்டும். இதை 0 ஆக்கினால் லூப் எதிர்த்திசையில் ஓடி, விசிஓ ஓரத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். 8-ஆம் பிட்டும் 7-ஆம் பிட்டும் லாக் கண்டறிவதற்கானவை, பின்ன முறைக்கு இரண்டும் 0. மொத்தம் 402673218.

ஆர்3: இதில் எதையும் இயக்கப்போவதில்லை. க்ளாக் டிவைடர் 150 என்று மட்டும் வைத்து 1203.

ஆர்4: ஃபீட்பேக் 23-ஆம் பிட். 1 என்றால் விசிஓவிலிருந்தே எடுக்கும், நம் கணக்கு அதை வைத்துத்தான். 0 ஆக்கினால் மேலே போட்ட கணக்கு முழுதும் தப்பு. டிவைடர் 20-ஆம் பிட்டில் தொடங்குகிறது. 8-ஆல் வகுக்க எழுத வேண்டிய மதிப்பு 3, ஏனென்றால் 2-இன் 3-ஆம் படி 8. பேண்ட் செலக்ட் (விசிஓவின் பட்டையைத் தேர்ந்தெடுப்பது) டிவைடர் 12-ஆம் பிட்டில். பிஎஃப்டியை இதால் வகுத்தால் 125 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் போகக் கூடாது, 25 மெகாஹெர்ட்ஸுக்கு 200. 5-ஆம் பிட் வெளியீட்டை இயக்குவது. 3, 4-ஆம் பிட்டுகள் சக்தி: 0 முதல் 3 வரை முறையே −4, −1, +2, +5 டிபிஎம் (1 மில்லிவாட்டை 0 என்று வைத்துச் சொல்லும் சக்தி அளவு). இங்கே 3. மொத்தம் 12353596.

ஆர்5: 5767173. ஹெக்ஸில் 00580005. இதில் 19, 20-ஆம் பிட்டுகள் ஒதுக்கப்பட்டவை என்று தரவுத்தாள் சொல்லும். ஒதுக்கப்பட்டவை என்றால் 0 வைக்கலாம் என்று நினைத்துவிடாதீர்கள், இவை இரண்டும் 1 ஆக இருக்க வேண்டும்.

ஒரு சரிபார்ப்பு: எந்த எண்ணாக இருந்தாலும் கடைசி மூன்று இலக்கங்களை 8-ஆல் வகுங்கள். மீதி ரெஜிஸ்டரின் எண்ணாக வர வேண்டும். 596-ஐ 8-ஆல் வகுத்தால் மீதி 4, அது ஆர்4. மீதி வேறாக வந்தால் கூட்டலில் எங்கோ பிழை.

நிரலாக எழுதும்போது இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். 8 பிட் மைக்ரோகன்ட்ரோலரில் சாதாரண முழு எண் வகை 16 பிட்தான். 138-ஐ 15 இடம் நகர்த்தினால் மேல் பிட்டுகள் எல்லாம் வெட்டுப்பட்டு இன்ட் 0 ஆகிவிடும். என் மூன்றாவது வார இறுதி போனது இதில்தான். நகர்த்துவதற்கு முன்பே மதிப்பைக் குறியில்லா 32 பிட் வகைக்கு மாற்றுங்கள். இன்னொன்று, அலைவெண்ணை ஹெர்ட்ஸில் 32 பிட்டாக வைத்தால் 4294967295-ஐத் தாண்ட முடியாது, சிப்போ 4400 மெகாஹெர்ட்ஸ் வரை போகும். ஒற்றைத் துல்லிய தசம எண்ணும் உதவாது: 3471 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் அதன் படி 256 ஹெர்ட்ஸ். 64 பிட் முழு எண்ணைப் பயன்படுத்துங்கள், இல்லையேல் கிலோஹெர்ட்ஸில் கணக்குப் போடுங்கள். அனுப்புவதற்கு முன் ஆறு எண்களையும் திரையில் அச்சிட்டு, கையால் போட்ட கணக்கோடு ஒப்பிடுங்கள்.

7. எழுதும் வரிசையும் காத்திருக்கும் நேரமும்

ஆர்5, ஆர்4, ஆர்3, ஆர்2, ஆர்1, ஆர்0. எப்போதும் மேலிருந்து கீழே. ஆர்0 கடைசியில்.

இது வெறும் சம்பிரதாயம் இல்லை. மாட், ஃபேஸ், ஆர் கவுன்டர், ரெஃபரன்ஸ் இரட்டிப்பாக்கி, பாதியாக்கி, சார்ஜ் பம்ப் கரன்ட் ஆகியவற்றை எழுதினாலும் ஆர்0 எழுதப்படும்வரை அவை உள்ளே காத்திருக்கும், அமலுக்கு வராது. விசிஓ எந்தப் பட்டையில் ஓட வேண்டும் என்று சிப் தானே தேர்ந்தெடுப்பதும் ஆர்0 எழுதும்போதுதான். ஆர்1-ஐ மட்டும் மாற்றிவிட்டு “ஒன்றும் மாறவில்லையே” என்று உட்கார்ந்திருந்தால் தவறு சிப்பில் இல்லை.

பட்டைத் தேர்வுக்குப் பேண்ட் செலக்ட் க்ளாக்கின் 10 சுழற்சிகள் ஆகும். 125 கிலோஹெர்ட்ஸில் அது 80 மைக்ரோவினாடி. அதற்கு மேல் லூப் அடங்கும் நேரம், அது உங்கள் லூப் ஃபில்டரைப் பொறுத்தது. ஆரம்பத்தில் நான் 5 மில்லிவினாடி காத்திருந்துவிட்டுத்தான் லாக் பின்னைப் படிக்கிறேன்.

8. லாக் ஆகவில்லையென்றால்

மக்ஸ்அவுட்டோ எல்டி பின்னோ (லாக் நிலையைக் காட்டும் தனிப் பின்) ஹையாக இருந்தால் லாக். லோவாகவே இருந்தால் இந்த வரிசையில் பாருங்கள்: ரெஃபரன்ஸ் நீங்கள் கணக்கில் எடுத்த அலைவெண்தானா, பிஎஃப்டி துருவம் 1-ஆ, ஃபீட்பேக் 1-ஆ, பேண்ட் செலக்ட் டிவைடர் பிஎஃப்டிக்குப் பொருந்துகிறதா. பெரும்பாலும் முதல் கேள்வியிலேயே விடை கிடைத்துவிடும்.

லாக் ஆகிறது, ஆனால் வேறு இடத்தில் விழுகிறது என்றால் வந்ததை வேண்டியதால் வகுத்துப் பாருங்கள். 433.92 கேட்டு 451.28 கிடைத்தால் விகிதம் 1.04, அதாவது ரெஃபரன்ஸ் 25 இல்லை, 26. சில கிலோஹெர்ட்ஸ் மட்டும் தள்ளியிருந்தால் ஆசிலேட்டரின் இயல்பான பிழை. 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் 10 பங்கு பிழை) ஆசிலேட்டர் இந்த அலைவெண்ணில் 4.3 கிலோஹெர்ட்ஸ் வரை தள்ளலாம்.

லாக் விட்டுவிட்டு வந்தால் லூப் ஃபில்டரைச் சந்தேகியுங்கள். அது ஒரு குறிப்பிட்ட பிஎஃப்டிக்கும் சார்ஜ் பம்ப் கரன்டுக்கும் வடிவமைக்கப்பட்டது. பிஎஃப்டியை 25-இலிருந்து 1 மெகாஹெர்ட்ஸுக்கு இறக்கிவிட்டு அதே ஃபில்டர் ஒழுங்காக நடக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. இலவச மென்பொருளான ஏடிஐசிம்பிஎல்எல்லில் உங்கள் உறுப்புகளைப் போட்டுப் பாருங்கள்.

9. சிக்னலைப் பார்க்கும்போது

+5 டிபிஎம்மை எஸ்டிஆர் ரிசீவருக்குள் நேராகச் செருகாதீர்கள். 30 டெசிபெல் அட்டென்யுவேட்டர் போடுங்கள், அல்லது வெளியீட்டில் 50 ஓம் சுமையை மாட்டிவிட்டு ரிசீவரின் சின்ன ஆன்டெனாவைப் பக்கத்தில் வையுங்கள், அதுவே போதும். வெளியீட்டில் ஆன்டெனா மாட்டவே மாட்டாதீர்கள். டிவைடர் வழியாக வரும் அலை ஏறக்குறைய சதுர வடிவம், 433.92-இன் மூன்று மடங்கான 1301.76-இலும் பலமான சிக்னல் இருக்கும். ஃபில்டர் இல்லாமல் காற்றில் விட்டால் மற்றவர்களின் பட்டைகளில் போய் விழும். உங்களிடம் உரிமம் இருந்தாலும் இது பொருந்தும்.

சிக்னலுக்கு இரு பக்கமும் சின்னச் சின்ன ஸ்பர்கள் (வேண்டாத துணைச் சிக்னல்கள்) தெரிந்தால் விசிஓ அலைவெண் பிஎஃப்டியின் முழு மடங்குக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்று பாருங்கள். 25 மெகாஹெர்ட்ஸ் பிஎஃப்டியில் 2500.1 கேட்டால் 100 கிலோஹெர்ட்ஸ் தள்ளி ஒரு ஸ்பர் நிற்கும். அவ்வளவு அருகில் இருப்பதை லூப் ஃபில்டரால் பெரிதாகக் குறைக்க முடியாது. ஆர்2-இல் உள்ள குறைந்த ஸ்பர் முறை இந்த வகைக்கு மருந்து இல்லை. பிஎஃப்டியை மாற்றி அந்த முழு மடங்கை நகர்த்துவதுதான் வழி.

10. ஓடும்போதே அலைவெண்ணை மாற்றுவது

ஒவ்வொரு முறையும் ஆறையும் எழுத வேண்டியதில்லை. இன்ட், ஃப்ராக் மட்டும் மாறினால் ஆர்0 போதும். மாட் மாறினால் ஆர்1, பிறகு ஆர்0. டிவைடர் மாறினால் ஆர்4, பிறகு ஆர்0.

433.92-இலிருந்து 868.3-க்குப் போகிறோம் என்று வையுங்கள். டிவைடர் 4, விசிஓ 3473.2. 25-ஆல் வகுத்தால் 138.928, அது 138-உம் 580-இன் கீழ் 625-உம். மாட் மாறவில்லை. ஆர்4-க்கு 11305020, ஆர்0-க்கு 4526624. ஆனால் ஆர்4 எழுதிய கணத்திலேயே டிவைடர் மாறிவிடும், விசிஓ இன்னும் பழைய இடத்திலேயே இருக்கும், ஆகவே ஆர்0 வரும்வரை வெளியீடு 867.84-இல் நிற்கும். இது வேண்டாமென்றால் தொடக்கத்திலேயே ஆர்2-இன் 13-ஆம் பிட்டை 1 ஆக்கி 402681410 என்று எழுதிவிடுங்கள். அப்புறம் டிவைடரும் ஆர்0-க்காகக் காத்திருந்து, இரண்டும் ஒன்றாக மாறும்.